டிக்டிக் அண்ணை உட்கார்ந்த தூரம்

ஐரோப்பாவின் மிகப் பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், எங்கள் டிக்டிக் அண்ணைக்குத்தான் முதல் பரிசு கிடைத்திருக்கும். ஆனால் அதை வாங்க மேடைக்கு வந்திருக்க மாட்டார். மேடை இடிந்து விழலாம், மைக்கில் கரண்ட் அடிக்கலாம், பரிசுக் கிண்ணத்தை எந்த உலோகத்தில் செய்தார்களோ யார் கண்டது? தபாலில் அனுப்பச் சொல்லியிருப்பார். தபால் வந்த பிறகு ஒரு கிழமை அதைப் பிரிக்காமல் பல்கனியில் வைத்திருப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையிலிருந்து அகதிகளாக சுவிஸுக்கு வந்திருந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பயம்தான் முழுநேர வேலை, உணவகத்தில் கோப்பை கழுவுவது பகுதிநேரம். தபால்காரரைக் கண்டால் பயம், நாட்டை விட்டுப் போகச் சொல்லும் கடிதம் அவர் பையில் இருக்கும். அவர் வராவிட்டால் அதைவிடப் பயம், ஊரிலிருந்து ஏன் கடிதமில்லை என்று. கதவு மணி அடித்தால் மூன்று பேர் இருக்கும் அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அப்படிப்பட்ட நாங்களே பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு ஒரு மனிதர் பயந்தார் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எழுபதுகளின் கடைசியில் படிக்க வந்து, படிப்பை இடையில் விட்டு, ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப வேலைக்குச் சேர்ந்தவர். கதிர்வீச்சை அளக்கும் ஒரு மஞ்சள் மீற்றர் எந்நேரமும் அவர் கையில் இருக்கும். கதிர்வீச்சு இருந்தால் அது டிக் டிக் என்று அடிக்கும். இல்லாவிட்டாலும் இடைக்கிடை அடிக்கும். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரித்தான் துள்ளுவார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதையே ஒரு கோமாளிக் கதை. சோலோதுர்ன் நகரத்துக்கு வெளியே, ஆரே ஆற்றங்கரையில் இருந்தது அந்த ஆய்வுகூடம். அங்கே துப்புரவு வேலைக்கு ஆள் தேவை என்று ஒருவர் சொல்லிவிட்டார். என்ன செய்கிற இடம் என்று கேட்டதற்கு, “அயன் பீம் செய்யினமாம்” என்றார். அறையில் என்னோடு இருந்த மன்னார் பீற்றர் உடனே முடிவு கட்டிவிட்டான்.

“உது உடுப்பு அயன் பண்ணுற இடம் மச்சான். வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போ.”

“பீம் எண்டால் என்னடா?”

“அது பெரிய மேசையாக்கும்.”

எனக்கென்னவோ அது இரும்பு பீம் என்று பட்டது. சுமக்கச் சொல்வார்கள் என்று பீற்றருடைய தடித்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன், அவன் சொல்லுக்காக வெள்ளைச் சட்டையையும் போட்டுக்கொண்டேன். உள்ளே போனால் இஸ்திரிப் பெட்டியும் இல்லை, இரும்பும் இல்லை. பெரிய மண்டபத்தில் குழாய்களும் காந்தங்களும் ஆளுயரச் சீமெந்துக் கட்டிகளும் இருந்தன. தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து தமிழ்க் குரல் ஒன்று கேட்டது.

“தம்பி, உதிலை நில். கிட்ட வராதை.”

அதுதான் டிக்டிக் அண்ணை. புதிதாக வரும் தமிழ் ஆட்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுக்க அவரை நியமித்திருந்தார்கள். கதிர்வீச்சிலிருந்து தப்ப மூன்று விதிகள் உண்டு என்பது அவருடைய வேதம்.

“நேரத்தைக் குறை. தூரத்தைக் கூட்டு. இடையிலை எதையாவது வை. உந்த மூண்டும்தான். விளங்கிச்சோ?”

அந்த விதிகளை எனக்குச் சொல்லும்போதே அவற்றைக் கடைப்பிடித்தார். இருபது அடி தள்ளி நின்று, தூணை இடையில் வைத்து, மொத்தம் மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். என்னிடமிருந்து என்ன கதிர்வீச்சு வரும் என்று நினைத்தாரோ தெரியாது. காந்தங்களின் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. கடைசியில் என் பெயர் எழுதிய ஒரு சின்ன பாட்ஜை தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். அதற்குள் ஒரு துண்டு பிலிம் இருந்தது. உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சுப் பட்டது என்பது அதில் பதியும், மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பார்ப்பார்கள். அதைப் பற்றி அவர் கத்திய கடைசி வசனம் எனக்குக் கேட்டது இப்படி: “போகேக்கை கொழுவிக்கொண்டு போ!” போகும்போது மாட்டிக்கொண்டு போ என்று.

அந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

அங்கே நடந்த வேலை என்னவென்று பிறகொரு நாள் அண்ணையிடம் கேட்டேன். சாப்பாட்டு மண்டபத்தில் இரண்டு மேசை தள்ளி இருந்துகொண்டு விளக்கினார்.

“ஒரு சின்னக் குழாயை ரெண்டாயிரம் பாகைக்குக் காய்ச்சுறம். அதுக்குள்ளை கிடக்கிற சாமானிலை புரோத்தனைக் கொண்டுவந்து அடிக்க, அணு உடைஞ்சு புதுசு புதுசா அணு பிறக்கும். பிறக்கிறதெல்லாம் நோஞ்சான். சிலது ஒரு நிமிசம் இருக்கும், சிலது ஒரு விநாடியும் இராது. சாக முன்னம் அதுகளை வெளியாலை எடுத்து, மின்னேத்தி அயனாக்கி, கற்றையா ஓட விடவேணும். அதுதான் அயன் பீம். போற வழியிலை காந்தம் நிக்கும். அது பாரம் பாத்து வளைக்கும். தேவையான ஆள் இந்த வாசலாலை, தேவையில்லாத ஆள் சுவரிலை.”

“பிரெம்டன்போலிட்சை மாதிரியோ அண்ணை?” என்று கேட்டேன். வெளிநாட்டார் பொலிஸ் அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் பெர்மிட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துகிறவர்கள் அவர்கள்.

அண்ணை கரண்டியைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். “சத்தமாக் கதையாதை. காந்தம் அவையளைவிடப் பறவாயில்லை, கேள்வி கேளாது.”

விஞ்ஞானிகள் அப்போது இன்னொரு திட்டத்திலும் இறங்கியிருந்தார்கள். பிடித்த அயன்களை இரண்டாவது இயந்திரம் ஒன்றுக்குள் விட்டு, மறுபடி தள்ளி, பலமடங்கு வேகத்தில் வேறு அணுக்களில் மோதவிட்டுப் பார்ப்பது. நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் நடப்பதை ஆற்றங்கரையில் நடத்திப் பார்க்கலாமாம். பிடித்துத் தள்ளி மோதுவதற்குள் அவை செத்துவிடக் கூடாது, அதுதான் அவர்கள் தலையிடி. அண்ணையின் வேலை, அணுக்கள் பிறக்கிற அந்தச் சின்னக் குழாயைச் செய்வது. பயத்தில் ஒவ்வொரு இணைப்பையும் ஏழு தரம் பரிசோதிப்பார். அதனால் அவர் செய்த குழாய் ஒருநாளும் ஒழுகியதில்லை. பெரிய பெரிய பேராசிரியர்கள் அவரைத் தேடி வந்து கை நீட்டுவார்கள். அண்ணை முதலில் மீற்றரை நீட்டுவார்.

மூன்று விதிகளை அவர் ஆய்வுகூடத்தோடு நிறுத்தவில்லை. நாயைக் கண்டால் தூரத்தைக் கூட்டினார். வீட்டுக்காரியோடு கதைக்கும்போது நேரத்தைக் குறைத்தார். பிரெம்டன்போலிட்சைக்குப் போகும்போது தடித்த கம்பளிக் கோட்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனார், அது நல்ல ஆடி மாதம். கலியாண வீட்டில் வாழைப்பழத் தட்டுக்கு மீற்றரைப் பிடித்து, “பொட்டாசியம் இருக்கு, ரெண்டுக்கு மேலை தின்னாதையுங்கோ” என்று அறிவித்தார். மாப்பிள்ளை கட்டியிருந்த பழைய கைக்கடிகாரம் ரேடியம் பூசி இருட்டில் மினுங்கும் வகை. அதன் பக்கத்தில் மீற்றர் கடகடவென்று அடித்தது. அண்ணை வாசல்வரை ஓடிவிட்டார். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கையில் கடிகாரம் இல்லை.

ரஷ்யப் பக்கம் அணு உலை வெடித்து, மழைமேகம் சுவிஸுக்கு மேலால் வந்த வசந்தகாலத்தில் மட்டும் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஊரே கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றது. அண்ணைக்குக் கதிர்வீச்சைவிடக் கூட்டத்துக்குப் பயம். கதவைத் திறக்காமல், தபால் போடும் துவாரத்தால் கீரையை ஒவ்வொரு பிடியாக உள்ளே தள்ளச் சொன்னார். உள்ளேயிருந்து “தின்னலாம்”, “தின்னாதை” என்று குரல் மட்டும் வந்தது.

இப்போது என் பாட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போனவன் திரும்பி வந்தால் அதிசயம். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது. என் பெயரைப் பிழையில்லாமல் எழுதி இந்த நாட்டில் எனக்குத் தந்த முதல் அட்டை அந்த பாட்ஜ்தான். “கொழுவிக்கொண்டு போ” என்று அண்ணையே சொல்லிவிட்டாரே என்று, வேலை முடிந்ததும் சட்டையில் கொழுவியபடியே வீட்டுக்குப் போனேன்.

ஒருநாள் சோலோதுர்ன் ஸ்டேசனில் பொலிஸ்காரர் ஒருவர் என்னை மறித்து “அவுஸ்வைஸ்!” என்றார். அடையாள அட்டை கேட்கிறார். பதற்றத்தில் பெர்மிட்டுக்குப் பதிலாக பாட்ஜைக் கழற்றி நீட்டிவிட்டேன். அதிலிருந்த மூவிதழ்க் கதிர்வீச்சுக் குறியைக் கண்டதும் அவர் இரண்டடி பின்னுக்குப் போனார். “குட், குட்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பொலிஸ்காரன் பயந்து பின்வாங்கியதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த பாட்ஜ் எனக்குத் தாயத்து. வீட்டுக்கு வந்ததும் பத்திரமாக பிஸ்கற் தகரத்துக்குள் வைத்துப் பூட்டுவேன். எங்கள் அறையில் விலைமதிப்பான எல்லாச் சாமானும் அந்தத் தகரத்துக்குள்தான் இருந்தன.

அடுத்த மாதக் கடைசியில் பாதுகாப்பு அதிகாரி என்னை அழைத்தார். பிராவ் லூத்தி என்ற அந்த அம்மாவை நான் அதுவரை கண்டதில்லை. மேசையில் ஒரு தாள். என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. என் பிலிம் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது, நான் வேலை செய்யும் வெளி மண்டபத்தில் அப்படி வரவே முடியாது, எங்கே போனாய், எதைத் தொட்டாய் என்று கேட்டார். காரணம் தெரியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்றார்.

என் பெர்மிட் முடிய இரண்டு கிழமை இருந்தது. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது, இங்கேயோ எங்களைத் திருப்பியனுப்பப் போகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் பேப்பரில் எழுதினார்கள். வேலை இருக்கிறது என்று ஆய்வுகூடம் எழுதித் தரும் கடிதம் ஒன்றுதான் எனக்கிருந்த பிடி. அதுவும் போனால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அது ஒரு பயம். உடம்புக்குள் என்ன புகுந்துவிட்டதோ என்பது அதைவிடப் பெரிய பயம். பீற்றர் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தான்.

“உந்தச் சாமானுக்கு அரை ஆயுள் எண்டு ஒண்டு இருக்காம் மச்சான். பட்டால் பாதி ஆயுள் போயிடுமாம்.”

அணுக்களில் பாதி அழிகிற காலத்துக்குத்தான் அரை ஆயுள் என்று பெயர். அது எங்கள் இருவருக்கும் தெரியாது. அறுபது வயதுவரை இருப்பேன் என்று வைத்தாலும் முப்பதில் முடிந்துவிடும். எனக்கு அப்போது இருபத்தெட்டு. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலை கதவு மணி அடித்தது. வழக்கப்படி மூச்சை அடக்கினோம். வெளியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

அகதிகள் இருக்கும் அறை என்றால் அண்ணை அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். பொலிஸ் வரும் இடம் அது. ஆனால் வந்திருந்தார். இரண்டு கோட்டும் போட்டிருந்தார். வாசலிலேயே நின்று மீற்றரை என் பக்கம் நீட்டினார். அது பேசாமல் இருந்தது.

“உன்னிலை ஒண்டுமில்லை. அப்ப பிலிமிலை எப்பிடி வந்தது? பாட்ஜை இரவிலை எங்கை வைக்கிறனி?”

“தகரத்துக்குள்ளை அண்ணை. பத்திரமா.”

“வீட்டையோ கொண்டு வாறனி?”

“நீங்கள்தானே கொழுவிக்கொண்டு போ எண்டு சொன்னனீங்கள்.”

அவர் முகம் வெளிறியது. “விசரா! கொழுவிப்போட்டுப் போ எண்டல்லோ சொன்னனான்! கேற்றடியிலை பலகை இருக்கு, அதிலை கொழுவிப்போட்டு நீ போகவேணும்!”

ஒரு சொல்லின் வால். அதில் தொங்கிக்கொண்டிருந்தது என் உயிர்.

அண்ணை கையை முழு நீளத்துக்கு நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பி, மீற்றரைத் தகரத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். நாங்கள் தகரத்தைத் திறந்ததும் அது மழை பெய்வதுபோல் அடிக்கத் தொடங்கியது. பீற்றர் கட்டிலுக்குப் பின்னால் பாய்ந்தான். எங்கள் பெர்மிட்டுகள், அவனுடைய ஞானஸ்நானப் பத்திரம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது.

“உது என்ன?”

“அம்மா தந்துவிட்டவ அண்ணை,” என்றான் பீற்றர் கட்டிலுக்குப் பின்னாலிருந்து. “பெற்றோல்மாக்ஸ் மேண்டில். பன்னிரண்டு கிடக்கு.”

பெற்றோல்மாக்ஸ் விளக்கில் கட்டி எரிப்போமே, அந்த வெள்ளை வலைப்பை. வெளிச்சம் பிரகாசமாக வர அதில் தோரியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் பூசுவார்கள். சுவிஸில் கரண்ட் போனால் பிள்ளை இருட்டில் இருக்கக் கூடாது என்று அந்தத் தாய் மன்னாரிலிருந்து கட்டிக்கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு இரவும் என் பாட்ஜ் அதன்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறது.

“உதைக் கொண்டுபோய் லூத்தியம்மாவுக்குக் காட்டவேணும். இப்பவே,” என்றார் அண்ணை. பிறகு ஒரு காரியம் செய்தார். கைக்கடிகாரத்துக்கே ஓடிய மனிதர், அந்தப் பொட்டலத்தைத் தன் கையால் எடுத்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துக் கோட்டுகளை இழுத்துப் பொத்தான் போட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

ஆற்றங்கரைக்கு மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் போகவேண்டும். ஏறியதும், “நீ முன்னுக்கு இரு” என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் நடந்து கடைசி ஆசனத்துக்குப் போய்விட்டார். இடையில் பத்து வரிசை. என் மனம் அப்படியே விழுந்தது. திருப்பியனுப்பப் போகிறவனோடு சேர்ந்திருப்பதைப் பார்த்தால் தனக்கும் கூடாது என்று நினைக்கிறார் போல. இவ்வளவு தூரம் வந்தவர் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லக் கூடாதா என்று கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தேன். வயதான பெண்மணி ஒருவர் அவர் பக்கத்தில் உட்காரப் போனார். அண்ணை துள்ளியெழுந்து பின்கதவடியில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா என்னை முறைத்தார், நான் ஏதோ செய்ததுபோல்.

பிராவ் லூத்தியின் அறையிலும் எனக்குப் பேச வாய்ப்பு வரவில்லை. நான் நாற்காலியில் இருக்க, அண்ணை எனக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கோட்டையும் மீறி அது நடுங்குவதைப் பார்த்தேன். பொட்டலத்தை மேசையில் வைத்தார், மீற்றரைப் பிடித்துக் காட்டினார். பிறகு அவருடைய உடைந்த ஜெர்மனில் சொன்னார்:

“பிழை பெடியனில் இல்லை. விதியைச் சொல்லிக்கொடுக்க நீங்கள் என்னை வைத்தீர்கள். நான் பயத்தில் தூணுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. எழுதுவதென்றால் என் பெயரை எழுதுங்கள்.”

பிராவ் லூத்தி புது பிலிம் ஒன்றை எடுத்து மேண்டில்கள்மேல் வைத்து, தடித்த ஈயப் பெட்டிக்குள் பூட்டினார். பத்து நாளில் அந்த பிலிமும் என்னுடையதைப் போலவே கறுத்திருந்தது. சிவப்புக் கோட்டை வெட்டிவிட்டார்கள். அண்ணையின் பெயரில் ஒரு கண்டிப்புக் கடிதம் போனது. எனக்கு வேலைக் கடிதம் கிடைத்தது, பெர்மிட்டில் ஆறு மாத முத்திரையும் விழுந்தது. பீற்றர் தாய்க்குக் கடிதம் எழுதினான்: “அம்மா, இனி மெழுகுதிரி அனுப்புங்கோ.”

பஸ் விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சில மாதம் கழித்து, சாப்பாட்டு மண்டபத்தில் இரண்டு மேசை தள்ளி இருந்த அவரிடம் கேட்டேவிட்டேன்.

“அண்டைக்கு பஸ்ஸிலை ஏன் அண்ணை என்னோடை இருக்கேல்லை? என்னோடை கண்டால் வெட்கமெண்டோ?”

அவர் சூப்பைக் குடித்துக்கொண்டே, விளங்காத மாணவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“விசரா, சாமான் என்ரை சட்டைப்பைக்குள்ளையல்லோ கிடந்தது. உனக்கு உண்மையிலேயே எவ்வளவு பட்டிருக்கெண்டு அண்டைக்கு ஆருக்குத் தெரியும்? அதுக்கு மேலையும் படவேணுமோ?”

அதற்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். எனக்காக அவ்வளவு தள்ளிப்போய் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான்.